வெளிப்புற ஸ்பீக்கர்கள்: பல மழைக்காலம் தாண்டியவை எவை, எதனால்?

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த வாரத்தில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். ஐந்தாறு ஐப்பசி கடந்தபின் அது என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. அதற்காகவே இந்த இழை.

எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம். பால்கனி சன்ஷேடுக்குக் கீழே இரண்டு சாதாரண பாசிவ் ஸ்பீக்கர்கள் (ஆம்ப்ளிபயர் உள்ளே இல்லாத வகை) இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதே அவை சுவரில் இருந்தன. ஆம்ப்ளிபயர் வரவேற்பறை அலமாரிக்குள். வெளியே போவது கம்பி மட்டுமே. இன்றும் குறையில்லாமல் பாடுகின்றன.

அதே சுவரில் சில வருடம் கழித்து மாட்டிய வைஃபை ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வகை. அட்டைப்பெட்டியில் ஐபி 66 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மூன்றாவது மழைக்காலம் முடிவதற்குள் ஊமையாகிவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் சுருங்கி மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. பவர் சப்ளை பலகையின் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு. ஒரு தடம் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மழை அதைக் கொல்லவில்லை, காற்று கொன்றது.

ஐபி எண் சொல்வது இவ்வளவுதான்: முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சோதனை நடப்பது புதுச் சாதனத்தில், நல்ல தண்ணீரில். உப்பு, புற ஊதாக் கதிர், வருடக்கணக்கில் சூடாகிக் குளிரும் ரப்பர் எதுவும் அந்த எண்ணுக்குள் வராது. உப்புக்குத் தனிச் சோதனை உண்டு. மூடிய அறைக்குள் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அதில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று விவரத்தாளில் போட்டிருக்கும் நிறுவனத்தையே கடலோரத்தில் நம்புவேன்.

என் கட்சி இது: மின்னணுப் பாகம் எதுவாக இருந்தாலும் வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியே பெட்டியும் கம்பியும் மட்டும் போகட்டும். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

மாடித்தோட்டம் (மதுரை)

எங்களுக்கு உப்பு கிடையாது, வெயில் உண்டு. மொட்டை மாடியில் கத்தரி, வெண்டைக்கு நடுவே இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று நிழல்வலைக்குள், மற்றொன்று வெட்டவெளியில், மேற்குப் பார்த்தபடி. ஒரே நாளில் வாங்கிய ஜோடி. இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெவ்வேறு கம்பெனிப் பொருள் என்று சொல்வீர்கள். நிழலில் இருப்பது இன்னும் வெள்ளை. வெயிலில் இருப்பது பழைய சுவிட்ச் பலகை நிறத்துக்குப் போய்விட்டது. மேற்பரப்பில் கையை வைத்தால் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டுகிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் இப்படித்தான் ஆகும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். ஏஎஸ்ஏ என்ற வகை வெயிலைத் தாங்குமாம். விலைப்பட்டியலில் இந்த மூன்று எழுத்தைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது முன்வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கோன் (ஒலி எழுப்ப அதிரும் கூம்பு) காகிதமா, பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கா? சுற்றி இருக்கும் விளிம்பு ரப்பரா, பஞ்சா? பஞ்சு விளிம்பு நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஆகாது. தொட்டால் உதிரும். ரப்பர் விளிம்பு வெகுகாலம் வரும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம். சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எளிய வழி (சென்னை, அண்ணாநகர்)

மன்னிக்கவும், இவ்வளவு பாடு எதற்கு? நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, ஐபி 67. உட்காரும்போது எடுத்துப்போகிறேன், எழுந்திருக்கும்போது உள்ளே கொண்டுவருகிறேன். சுவரில் துளை இல்லை, கம்பி இல்லை, சங்கத்துச் செயலாளர் தொல்லை இல்லை. வெயில், உப்பு, இடி எதுவும் என் அலமாரிக்குள் வராது. பால்கனி என்பது ஆறடிக்குப் பத்தடி. அதற்கு ஆம்ப்ளிபயர் வைத்துக் கம்பி இழுப்பவர்களுக்கு இசை பிடிக்கிறதா, கம்பி இழுப்பது பிடிக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

இரண்டும் பிடிக்கும்.

ஆறடிக்குப் பத்தடி என்றால் உங்கள் வழியே சரி, வாதமில்லை. மின்னணுப் பாகத்தை உள்ளே வைக்கவேண்டும் என்று நான் சொல்வதை நீங்கள் கையால் தூக்கிச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். எழுந்திருக்கும்போது கொண்டுவரும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் மட்டுமே அது நடக்கும். வெயிலில் மறந்துவிட்டால் முதலில் போவது பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்து வருவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

ஐபி 67 பற்றி ஒரு திருத்தம். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் 5, 6 ஆகிய எண்களுக்குரிய பீச்சு நீர்ச் சோதனையில் அது தேறியது என்று அர்த்தமில்லை. அது தனிச் சோதனை. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை அதன்மேல் திருப்பாதீர்கள். நனைந்த கையோடு சார்ஜர் செருகுவதும் வேண்டாம்.

மைக்செட்காரன் (திண்டுக்கல்)

தம்பிமார்களே, அப்பா காலத்திலிருந்து திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக்செட் கட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வெளியில் ஸ்பீக்கர் கட்டுவதைப் புதுக் கண்டுபிடிப்பு போல இங்கே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எத்தனை மழை பார்த்திருக்கும்? அதன் உள்ளே இருப்பது ஒலி எழுப்பும் ஒரு யூனிட், பின்னால் ஒரு டிரான்ஸ்பார்மர். அவ்வளவே. கெட்டால் யூனிட்டை மாற்றிக் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம்.

வீட்டுத் தோட்டத்துக்குக் குழாய் கட்டச் சொல்லவில்லை. மார்கழியில் அண்டை வீட்டார் என்னைத் தேடி வருவார்கள். நான் சொல்வது 100 வோல்ட் லைன், அதாவது ஒலியைக் கம்பியில் உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பும் முறை. அஹுஜா போன்றவர்களின் மைக்செட் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் முனைகளுக்குப் பக்கத்தில் 70 வோல்ட், 100 வோல்ட் என்று முனைகள் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, ரயில் நிலையம் எல்லாம் ஓடுவது அதில்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். 2.5 வாட், 5 வாட், 10 வாட் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஜோடிக் கம்பியில் எத்தனை ஸ்பீக்கரையும் வரிசையாக இணைத்துக்கொண்டே போகலாம். கூட்டுத்தொகை ஆம்ப்ளிபயரின் சக்திக்குள் இருந்தால் போதும்.

சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை இணையாகப் போட்டால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிபயருக்குச் சுமை கூடும். வீட்டு ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் மூச்சுத் திணறி அணைந்துவிடும். தோட்டத்தில் நான்கு இடத்தில் மெதுவாகப் பாடவேண்டும் என்றால் 100 வோல்ட் லைனே வழி. ஒன்று மட்டும் கவனம். அதில் சத்தம் கூட்டியிருக்கும்போது கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அணைத்துவிட்டுத்தான் முனையில் கை வைக்கவேண்டும். குழந்தைகள் எட்டும் இடத்தில் மூட்டு இருக்கக்கூடாது.

இசைப்பித்தன் (பெங்களூரு)

ஐயா சொல்வதில் ஒரு குறை. சின்ன டிரான்ஸ்பார்மர் கீழ் ஸ்தாயியைத் தின்றுவிடும். மிருதங்கத்தின் இடந்தலை கேட்காது, வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கும். வீட்டுத் தோட்டத்தில் இருபது மீட்டர் தூரத்துக்கு எதற்கு 100 வோல்ட்? தடித்த கம்பி போட்டு 8 ஓமில் ஓட்டலாமே?

மைக்செட்காரன் (திண்டுக்கல்)

மலிவான டிரான்ஸ்பார்மர் என்றால் நீங்கள் சொல்வது உண்மை. நல்லதற்கு விலை உண்டு. ஆனால் வெளியில் கீழ் ஸ்தாயி குறைவதற்குப் பெரிய காரணம் டிரான்ஸ்பார்மர் இல்லை, சுவர் இல்லாததுதான். அறைக்குள் நான்கு சுவரும் கூரையும் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். வெட்டவெளியில் போனது போனதுதான். அதே ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி, சன்ஷேடு மூலையில் ஏற்றிப் பாருங்கள். ஆம்ப்ளிபயரில் கை வைக்காமலே மிருதங்கம் பாதி திரும்பி வரும். கம்பத்தில் கட்டுபவர்களுக்கு அது கிடைக்காது.

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

கம்பி விஷயத்தில் கணக்கு போட்டுவிடலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். இருபது மீட்டர் தூரத்துக்குப் போகவர நாற்பது மீட்டர். ஏறக்குறைய அரை ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சக்தியில் ஆறு சதவீதம் கம்பியில் போகும், காதுக்குத் தெரியாது. கடையில் ஸ்பீக்கர் ஒயர் என்று தரும் மெல்லிய 0.5 கம்பியில் அதே தூரத்துக்கு ஒன்றரை ஓமுக்கு மேல். ஆறில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 100 வோல்ட் லைனில் 10 வாட் ஸ்பீக்கர் 1000 ஓமாகத் தெரிவதால் அந்த ஒன்றரை ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இரண்டு ஸ்பீக்கர், இருபது மீட்டர் என்றால் இசைப்பித்தன் சொல்வது. நான்கும் அதற்கு மேலும் என்றால் ஐயா சொல்வது.

ஆனால் கம்பியின் தடிமனைவிட மூட்டுதான் முக்கியம். எங்கள் பகுதியில் வெறும் செம்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரே வருடத்தில் உள்ளே கறுத்துவிடும். ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும், நாம் ஸ்பீக்கரைக் குறை சொல்வோம். தகரம் பூசிய கம்பி, பசை நிரப்பிய கனெக்டர், மூடியுள்ள ஜங்ஷன் பெட்டி. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல சாப்பாட்டு விலைதான். கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏறவேண்டும். அப்போது மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், உள்ளே வழியாது.

மாடித்தோட்டம் (மதுரை)

உங்கள் வீட்டு ஸ்பீக்கர் சன்ஷேடுக்குக் கீழே இருப்பதால்தான் பிழைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

வெயில் வரைக்கும் ஆம். உப்பு விஷயத்தில் நேர் எதிர், அம்மா. கடலோரத்தில் மழை படும் இடத்தைவிட மழை படாத இடத்தில்தான் துரு அதிகம். மழை உப்பைக் கழுவிவிடும். சன்ஷேடுக்குக் கீழே உப்பு படிந்தபடியே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். எங்கள் பக்கம் பெரும்பாலான இரவுகளில் அதைத் தாண்டும். மழையே இல்லாத மாசி மாதத்தில்கூட ஸ்பீக்கரின் முன்வலை உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

என் ஸ்பீக்கர் பிழைத்ததற்குக் காரணம், ஜன்னல் துடைக்கும்போது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அதையும் துடைப்பதுதான். முன்வலை அலுமினியம். இரும்பு வலைக்குப் பவுடர் பெயின்ட் அடித்தது என்றால் முதல் கீறலில் துரு தொடங்கிவிடும். வந்த திருகுகளை எறிந்துவிட்டு 316 வகை ஸ்டெயின்லெஸ் திருகு போட்டேன். சாதாரண 304 இங்கே பழுப்புக் கறை பிடிக்கிறது. 316-இல் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை நன்றாகத் தாங்குகிறது. படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

உப்பும் இல்லை, கடுமையான வெயிலும் இல்லை. எங்கள் எதிரி வேறு. ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்று வர ஒரு துளை இருக்குமே, அதில் குளவி மண்கூடு கட்டிவிடும். ஒருநாள் திடீரென்று சத்தம் அடைத்தது போல ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளை முழுக்க மண், கல்லாக இறுகி. உடைத்து எடுத்தபோது உள்ளே குளவி உணர்விழக்கச் செய்து அடைத்து வைத்த சிலந்திகள் வரிசையாக இருந்தன. அதன் பிறகு துளையின் உட்பக்கம் நைலான் கொசுவலை ஒட்டினேன். ஒலி சற்று மாறியிருக்கலாம். தென்னந்தோப்பில் அதைக் கண்டுபிடிக்கும் காது எனக்கில்லை.

அணில் வேறு. மேலே ஓடும் கம்பியைப் பிவிசி குழாய்க்குள் விட்டால் ஒழிய நிம்மதி கிடையாது. இன்னொன்று: துளை எதுவானாலும் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டியின் அடியில் சிறு துளை இருப்பது உள்ளே வியர்க்கும் நீர் வடியத்தான். அதை அடைத்தால் உள்ளே வந்த ஈரம் உள்ளேயே குடியிருக்கும். படுக்கை வாட்டில் மாட்டுபவர்களும் அந்தத் துளை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

கிள்ளான் வாசி (மலேசியா)

எங்கள் ஊரில் இடி மின்னலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை வந்தால் இடியோடுதான் வரும். தோட்டத்தில் முப்பது மீட்டர் கம்பி மண்ணில் புதைத்து வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் இடி விழுந்த அன்று ஸ்பீக்கர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த ஆம்ப்ளிபயர்தான் போனது. நேரே விழவேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே நீளக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஆகவே மின்னணுவை உள்ளே வைத்தால் பத்திரம் என்று உப்புக்காற்று அண்ணன் சொல்வது பாதி சரி. உள்ளே வைத்துவிட்டு வெளிக்கம்பியைச் செருகியே விட்டால் பத்திரமில்லை. இப்போது கம்பியின் உள்முனையில் பிளக் வைத்திருக்கிறேன். வானம் கறுத்தால் பிடுங்கிவிடுவேன். மின்சாரப் பிளக்கையும் சேர்த்து.

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கம்பி எட்டு மீட்டர், சுவரோடு சுவராக ஓடுவதால் அதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டம் உள்ளவர்கள் கிள்ளான் நண்பர் சொன்னதைச் செய்யுங்கள்.

இரண்டாம் மாடி (கோயம்புத்தூர்)

யாரும் அண்டை வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கேட்கும் பக்கத்தில் இருப்பவன். கீழ்வீட்டுத் தோட்டத்தில் சுவரோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது மறுமுனையில். தங்களுக்குக் கேட்கவேண்டும் என்று கூட்டுவார்கள். எனக்குப் பாட்டு கேட்காது, டம் டம் மட்டும் சுவர் வழியாக வரும். பாட்டாவது முழுதாக வந்தால் ரசித்துத் தொலைக்கலாம்.

மைக்செட்காரன் (திண்டுக்கல்)

இது கட்டியவர் செய்த வேலை, கேட்பவர் செய்ததல்ல. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் 65 டெசிபல் விழவேண்டும் என்றால் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டரில் 83 வேண்டும். அதே ஆளுக்கு இரண்டு மீட்டரில் ஸ்பீக்கர் வைத்தால் 71 போதும். அந்தப் 12 டெசிபலும் அண்டை வீட்டுக்கு மிச்சம். அதனால்தான் இரண்டு பெரியது வேண்டாம், நான்கு சிறியது, உட்காரும் இடத்தருகே, மெதுவாக என்கிறேன். முகம் உங்களைப் பார்க்கட்டும், தெருவைப் பார்க்கவேண்டாம். ஆனால் திருப்பி வைப்பதால் மேல் ஸ்தாயிதான் அடங்கும், டம் டம் அடங்காது. கீழ் ஸ்தாயிக்கென்றே இருக்கும் சப்வூபரை வெளியே கொண்டுவராதீர்கள்.

தொழிலில் இருந்ததால் விதியும் தெரியும். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. தனியார் ஒலிக் கருவி என்றால் உங்கள் மனையின் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50. நான் சொன்ன 71 டெசிபல் ஏற்பாடு எட்டு மீட்டர் தள்ளியுள்ள மதிலில் 53. பகலுக்குச் சரி, பத்து மணிக்கு மேல் அதுவும் கூடாது.

எளிய வழி (சென்னை, அண்ணாநகர்)

என் சிறு ஸ்பீக்கர் ஒரு முழம் தள்ளி மேசைமேல் இருக்கிறது. ஐயாவின் கணக்குப்படி இந்த இழையிலேயே நல்ல அண்டை வீட்டுக்காரன் நான்தான் என்று தெரிகிறது.

மைக்செட்காரன் (திண்டுக்கல்)

ஆமாம். உங்கள் தெருவில் எனக்கு வேலை கிடைக்காது.

புதுவீடு (தஞ்சாவூர்)

முழுவதும் படித்தேன். முப்பதடிக்கு நாற்பதடித் தோட்டம், நடுவில் திண்ணை போல ஒரு மேடை. நான்கு சிறு ஸ்பீக்கர்களும் 30 வாட் மைக்செட் ஆம்ப்ளிபயரும் வாங்குவதாக இருக்கிறேன். பாறை வடிவில் தரையில் வைக்கும் ஸ்பீக்கர்கள் அழகாக இருக்கின்றனவே, அவை எப்படி?

உப்புக்காற்று (கொட்டிவாக்கம்)

அழகுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் பாறை வடிவ ஸ்பீக்கர் ஒன்று தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்தபின் பாறை அப்படியே இருந்தது, பாட்டு இல்லை. தண்ணீர் நிற்கும் தரை என்றால் வேண்டாம். தஞ்சாவூரில் உங்கள் மனை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மைக்செட்காரன் (திண்டுக்கல்)

மேடையைச் சுற்றி நான்கு மூலையிலும் இடுப்பு உயரக் கம்பம் நட்டு, நான்கையும் மேடையைப் பார்க்கத் திருப்புங்கள். எல்லாவற்றையும் 5 வாட்டில் வையுங்கள். மொத்தம் 20. ஆம்ப்ளிபயரில் 30 இருப்பதால் திணறாது. பத்து அடிக்குள் உட்கார்ந்து கேட்பதற்கு 5 வாட்டே அதிகம், பிறகு 2.5-க்கு இறக்கிக்கொள்ளலாம். நான்கிலும் கூட்டல், கழித்தல் முனைகள் ஒரே மாதிரி சேரவேண்டும். ஒன்று மாறினாலும் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழ் ஸ்தாயி குறைந்துவிடும். கம்பியைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வாழைக்கன்று நடக் கடப்பாரை போடும் ஆளுக்கு அது வேண்டியிருக்கும்.